கனடா பெர்மிட்: முதலில் இருவர் பாஸ்போர்ட்டையும் எடுங்கள்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ வேலந்தாவளத்திலிருந்தோ மனைவி கனடாவுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறார், கணவர் வொர்க் பெர்மிட்டில் கூடப் போகிறார் என்று வையுங்கள். ஃபைல் போடும் முன் இருவர் பாஸ்போர்ட்டிலும் கடைசித் தேதியைப் பாருங்கள். பெர்மிட் அதைத் தாண்டிக் கிடைக்காது.

ஸ்டடி பெர்மிட் வழக்கமாகப் படிப்பு முடிந்த பின் 90 நாள் வரை இருக்கும். கோர்ஸ் 2028 ஏப்ரல் 30-இல் முடிந்தால், பெர்மிட் ஜூலை 29 வரை. கணவருக்கும் பொதுவாக அதே தேதிதான். ஆனால் அவர் பாஸ்போர்ட் 2027 மார்ச் 14-இல் முடிந்தால் பெர்மிட்டும் அன்றே முடியும். வீட்டில் எல்லாரும் படிக்கப் போகிறவர் பாஸ்போர்ட்டையே புரட்டிக்கொண்டிருப்பார்கள். மாட்டிக்கொள்வது கூடப் போகிறவர். காலாவதிக்கு ஓராண்டு முன்பே ரீஇஷ்யூவுக்கு விண்ணப்பிக்கலாம். முடிந்தால் ஊரிலேயே புதுப்பித்துவிட்டு ஃபைல் போடுங்கள்.

கணவருக்குத் தகுதி உண்டா என்பதையும் பாருங்கள். 2025 ஜனவரி 21 முதல் 16 மாதமோ அதற்கு மேலோ உள்ள மாஸ்டர்ஸ், டாக்டரேட், நர்சிங், இன்ஜினியரிங் போன்ற சில தொழிற்படிப்புகளுக்குத்தான் துணைவர் வொர்க் பெர்மிட். சாதாரண டிப்ளமோ படிப்பவரின் துணைவருக்குக் கிடைக்காது. பஞ்சாயத்தில் வாங்கிய திருமணச் சான்று மலையாளத்தில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

ஒப்புதல் வந்ததும் கைக்கு வருவது பெர்மிட் அல்ல, அறிமுகக் கடிதம். அதிலுள்ள தேதி, அதற்குள் கனடாவில் இறங்க வேண்டும் என்பதற்கு. மெடிக்கல் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும், அதனால் இந்தத் தேதி பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா நாட்டுக்குள் நுழைய மட்டும். உண்மையான பெர்மிட்டை அங்கே விமான நிலையத்தில் அதிகாரி அச்சடித்துத் தருவார்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் படியுங்கள். தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். 2028/07/08 என்றால் ஜூலை 8. நம் பழக்கத்தில் ஆகஸ்ட் 7 என்று படித்தால் ஒரு மாதம் பிசகும். பெயர், பிறந்த தேதி, கடைசித் தேதி எதில் தப்பிருந்தாலும் அங்கேயே சொல்லுங்கள். பாஸ்போர்ட்டால் குறைந்த தேதி மட்டும் தப்பில் சேராது. அதற்கு நீட்டிப்புதான் வழி.

நீட்டிப்பை ஆன்லைனில், புதுப் பாஸ்போர்ட்டோடு, பெர்மிட் முடியக் குறைந்தது 30 நாள் முன்னதாகப் போடுங்கள். கட்டணம் 155 கனடா டாலர், துணைவருக்குக் கிடைக்கும் ஓபன் பெர்மிட்டுக்கு (எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம்) மேலும் 100. தேதி முடியும் முன் போட்டிருந்தால் முடிவு வரும்வரை பழைய நிபந்தனையிலேயே வேலை செய்யலாம். நடுவில் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்துவிடாதீர்கள். திரும்ப உள்ளே விட்டாலும் முடிவு வரும்வரை வேலை செய்ய முடியாது. தேதி தாண்டிவிட்டால் கனடாவில் தங்கும் சட்ட நிலையை மீட்க விண்ணப்பிக்க 90 நாள் அவகாசம், அதுவரை வேலை கூடாது.

படிப்பு சீக்கிரம் முடிந்தால் இன்னொரு கணக்கு: தாளில் என்ன தேதி இருந்தாலும் முடித்த 90-ஆம் நாளோடு ஸ்டடி பெர்மிட் செல்லாது. அமெரிக்க எல்லைவரை போய்த் திரும்பி அங்கேயே புது பெர்மிட் வாங்கும் பழைய வழியும், சில விதிவிலக்குகள் தவிர, 2024 டிசம்பர் 23-ஓடு அடைபட்டுவிட்டது.