முதல் வேலை அனுபவம்: மாற்றுத்திறனாளிப் பட்டதாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிகிரி முடித்ததும் நம்மில் பலர் நேராகப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடுகிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அந்த வாய்ப்பை விடக் கூடாதுதான். ஆனால் அதை மட்டுமே நம்பி நான்கைந்து வருடம் போய்விட்டால், "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்று தனியார் நிறுவனத்தில் கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. படித்துக்கொண்டே தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் (நாட்ஸ்) இணையதளத்தில் பட்டதாரிகள் பதிவு செய்யலாம். மாத உதவித்தொகை உண்டு, முடிவில் சான்றிதழும் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (யூ.டி.ஐ.டி.) "வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற மருத்துவச் சான்று வேண்டும். அதை வாங்க அலைவதற்கே நாள் பிடிக்கும்.

அடுத்தது, நானே செய்த தவறு. எனக்குப் பார்வை குறைவு. பயிற்சிக்குச் சேர்ந்த முதல் இடத்தில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளையே கொடுத்தார்கள். அவை வெறும் படங்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அவற்றில் எழுத்தைக் காணாது. கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ எனப் பயந்து இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. 'வேலையில் மந்தம்' என்ற பெயர்தான் மிஞ்சியது. கடைசியில் கேட்டேன். மூலக் கோப்புகள் வேர்டில் ஏற்கெனவே இருந்தன, அன்றே அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

கேட்கும்போதும் "கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்" என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. "என் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவ அனுமதி வேண்டும், அது இலவச மென்பொருள்", "நேர்காணலைத் தரைத்தளத்தில் வையுங்கள்", "கூட்டத்தில் பேசுவதை எழுத்தில் தாருங்கள்" என்று எது வேண்டும் என்பதைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். குறைபாட்டை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நேர்காணல் நாளில் ஏதாவது வசதி தேவைப்பட்டால், அழைப்பு வந்தவுடன் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சு பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

இது சலுகை கேட்பதில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி தருகிறது, எந்தப் பணிகள் பொருந்தும், தொடர்பு அலுவலர் யார் என்பதையெல்லாம் தன் சம வாய்ப்புக் கொள்கையில் சொல்ல வேண்டும் என்பது விதி. விண்ணப்பிக்கும் முன் அதை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் படியுங்கள்.

அப்புறம், அப்பாவோ அண்ணனோ துணைக்கு வரட்டும், தவறில்லை. ஆனால் நேர்காணல் அறைக்குள் உங்களுக்குப் பதிலாக அவர்கள் பேச வேண்டாம்.

சேர்ந்தபின் வரும் ஆபத்து வேறு மாதிரி. "நீ கஷ்டப்படாதேம்மா, சும்மா உட்கார்" என்று பாசமாகத்தான் சொல்வார்கள். அப்படியே உட்கார்ந்தால் ஆறு மாதம் கழித்துக் கையில் அனுபவம் இருக்காது. உடன் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் வேலையையே கேட்டு வாங்குங்கள். என்ன செய்தீர்கள் என்பதை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். சான்றிதழில் "பயிற்சி பெற்றார்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் பயனில்லை. மேற்பார்வையாளர் மாறிப் போவதற்குள் அந்தக் குறிப்பைக் காட்டி, செய்த வேலைகளைப் பெயர் சொல்லி எழுதித்தரக் கேளுங்கள்.