இலவச டிஷ்ஷா, கட்டண டிடிஎச்சா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதாமாதம் ரீசார்ஜ் கட்டுப்படியாகாமல் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது சேனல் எண்ணிக்கையை. அதில்தான் முதல் தவறு. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து வருகின்றன; அவற்றில் பெரும்பாலானவை இந்தி. சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் அதில் கிடைக்காது. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, போன வாரம் உங்கள் வீட்டில் உண்மையில் ஓடிய சேனல்களை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தச் சின்னப் பட்டியல்தான் முடிவு செய்ய வேண்டும். மாலையில் சீரியல் ஓடும் வீட்டுக்கு இலவச டிஷ் மட்டும் போதாது. டிடி தமிழ், செய்தி, ஸ்வயம் பிரபா (மத்திய அரசின் கல்விச் சேனல்கள்) பாடங்கள் என்று பார்ப்பவர்களுக்கு மாதச் சந்தா வீண்செலவு.

காசு கட்டினால் எல்லாமே வரும் என்று நம்புவதும் தவறுதான். இந்திய கிரிக்கெட் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களை உரிமம் வாங்கிய சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நேரலையைத் தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் போன்ற தன் சொந்தத் தளங்களில் மட்டுமே காட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் ஃப்ரீ டிஷ் வீட்டில் இலவசமாக ஓடும் மேட்சுக்கு, கட்டண டிடிஎச் வீட்டில் ஸ்போர்ட்ஸ் பேக் போட வேண்டியிருக்கிறது.

செலவைக் கணக்கிடும்போது சேனல் விலையை மட்டும் கூட்டாதீர்கள். 2019-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த முறைப்படி சேனல் விலை தனி, சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான நெட்வொர்க் கட்டணம் தனி, இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. அன்று 130 ரூபாய் என்றிருந்த நெட்வொர்க் கட்டண உச்சவரம்பு 2024-இல் நீங்கிவிட்டது. இப்போது நிறுவனம் வைப்பதுதான் விலை. இரண்டாவது டிவிக்கு என்ன கட்டணம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது ஊடாடும் வசதிகளில். டிஷ் ஒரு வழிப் பாதை. செயற்கைக்கோள் எல்லா வீட்டுக்கும் ஒரே சிக்னலை அனுப்புகிறது. உங்கள் பாக்ஸால் அதற்குப் பதில் அனுப்ப முடியாது. சமையல், ஆலய தரிசனம், குழந்தைகள் விளையாட்டு போன்ற சேவைகளில் நாம் பட்டனை அழுத்தும்போது, ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதிலிருந்து பாக்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவே. தவறவிட்ட எபிசோடைப் பிறகு பார்ப்பது, விரும்பிய படத்தைத் தேடிப் போடுவது எல்லாம் இணையத்தின் வேலை. வைஃபை இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினால் அந்த வசதிகள் முடங்கிக் கிடக்கும். பிராட்பேண்ட் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 'சில நாள் இலவசம்' என்று தொடங்கும் கூடுதல் சேவைகளையும் கவனியுங்கள். பிறகு அவற்றின் கட்டணம் உங்கள் ரீசார்ஜ் இருப்பிலிருந்தே கழியும். செயலியில் பேக் விவரத்தைத் திறந்து வேண்டாததை அன்றே நீக்கிவிடுங்கள்.

பதிவு வசதியில் இலவச பாக்ஸ்களுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. கட்டண பாக்ஸில் பதிந்தது பூட்டப்பட்டிருக்கும், வேறு கருவியில் ஓடாது. ஃப்ரீ டிஷ் சிக்னலைப் பிடிக்கும் சாதாரண பாக்ஸ்கள் பலவற்றில் பென் டிரைவில் பதிந்ததைக் கணினியிலும் பார்க்கலாம். நிகழ்ச்சி நிரல், நினைவூட்டல் போன்றவற்றில் கட்டண பாக்ஸ்தான் மேல்.

மழையில் படம் உறைவதை 'இலவசம்தானே' என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டும் கேயூ பேண்ட் என்ற ஒரே அலைவரிசைத் தொகுப்பில்தான் வருகின்றன; கனமழை இரண்டையும் தடுக்கும். மாறும்போது பழைய டிஷ்ஷைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டிஷ்ஷை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் பெரும்பாலும் போதும். பாக்ஸ் மட்டும் புதிது வேண்டும். அதன்பின் ஒரு சேனல் திடீரென மறைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஆட்டோ ஸ்கேன் போட்டுப் பாருங்கள். ஏலம் முடிந்து வரிசை மாறியிருக்கும்.