பாய்லர் டெஸ்ட் எப்போதும் பாஸ்: என் அனுபவம்

பாய்லர் பர்னரைக் கட்டுப்படுத்தும் பிஎல்சிக்கு (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) தானியங்கி சோதனை. சுடர் சிக்னலைத் துண்டித்தால் எரிவாயு வால்வு மூடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் மட்டும் எப்போதும் பச்சைதான். சந்தேகப்பட்டு, சுடர் அணைந்தால் டிரிப் ஆகும் (பாதுகாப்புக்காகப் பர்னரை நிறுத்தும்) லாஜிக்கையே வேண்டுமென்று எடுத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் பச்சை! சிமுலேட்டரில் முந்தைய டெஸ்ட் விட்டுப்போன குறைந்த நீர்மட்டம் அப்படியே இருக்க, அதனாலேயே வால்வு ஏற்கெனவே மூடித்தான் கிடந்திருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் பர்னர் எரியும் நிலையில் இருக்கிறதா என்று உறுதிசெய்து, வால்வு மூடியதோடு நில்லாமல், முதலில் பதிவான டிரிப் காரணம் சுடர் இழப்புதானா என்பதையும் சரிபார்க்க வைத்தேன். சுடரின் புற ஊதா ஒளியைக் கண்டறியும் யூவி சென்சார் பழுதானால் சுடர் இல்லாமலே சிக்னல் தரக்கூடும் (இதைத்தான் பலர் மறப்பார்கள்), அதனால் பற்றவைக்கும் முன்பே சுடர் தெரிந்தால் பர்னர் ஸ்டார்ட் ஆகக்கூடாது என்ற டெஸ்டும் சேர்ந்தது.