சித்தூர்ப் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென்மேற்குப் பருவமழையின் முதல் பெருமழை கொட்டிய மறுநாள், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாய்க்கால்களில் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறும். நாங்கள் ஏத்துமீன் என்போம், மலையாளத்தில் ஊத்த என்பார்கள். அன்றைக்கு மட்டும் தூண்டிலே தேவையில்லை. மடையில் ஒரு சாக்கைப் பிடித்தால் போதும், அரை மணி நேரத்தில் பாதி நிறைந்துவிடும். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. அந்த மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு, வயலிலும் குளத்தோரத்திலும் ஆழமில்லாத தண்ணீர் தேடிப் போகின்றன. வழியிலேயே அள்ளிவிட்டால் அடுத்த வருஷத்து மீன் எங்கிருந்து வரும்? கேரளத்தில் இது சட்டப்படியும் குற்றம். 2010-ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையும் 15,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மின்சாரம் பாய்ச்சுவது, வெடி போடுவது, விஷம் கலப்பது எல்லாம் எந்த மாதத்திலும் கூடாது.

இதற்கு அடுத்து என் மனதை உறுத்துவது விரால் விஷயம். குளத்து மேல்பரப்பில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் உலை கொதிப்பது போலக் குமிழியிடும். கிட்டே போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பந்தாகத் திரண்டு, மேலே வந்து காற்றுக் குடித்து இறங்கும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை, அதாவது போலி இரையை, மேலே இழுத்தால், பசியே இல்லாவிட்டாலும் விரால் பாய்ந்து கடிக்கும், குஞ்சைக் காக்கிற கோபம் அது. சின்ன வயதில் பெரியப்பாவோடு போய் நானும் அப்படி ஒன்றைப் பிடித்தேன். மறுநாள் அதே இடத்தில் குஞ்சுப் பந்தைக் காணோம். கெண்டையும் ஜிலேபியும் நிறைந்த குளம் அது. காவல் போனால் குஞ்சுகள் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது குமிழியைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விடுகிறேன்.

வெயிலைக் கணக்கில் எடுக்காதது வெளியூர்க்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை இருப்பது 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். ரோகுவும் கட்லாவும் மதியத்தில் இரையைச் சீண்டாமல் ஆழத்தில் கிடக்கும். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அவற்றுக்குச் சரி. காற்றைக் குடிக்கத் தெரிந்த விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் வெயிலைத் தாங்கும், அதனால் மதியம்தான் நேரம் கிடைக்கிறது என்றால் அவற்றைத் தேடுங்கள். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிற பழக்கம் உள்ளவர்கள் கோடையில் மீனை வெளியே வைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்து உடனே விடுங்கள்.

தேளி என்றதும் ஞாபகம் வருகிறது. மலையாளத்தில் இதற்குக் காரி என்று பேர். வெறுங்கையால் பிடித்தால், பக்கத்துத் துடுப்பில் உள்ள முள் குத்தும். அந்த முள்ளில் விஷம் உண்டு, கை தோள் வரை கடுக்கும். தலைக்குப் பின்னால் துணியைச் சுற்றிப் பிடித்து, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் தாங்குகிற அளவுச் சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வையுங்கள், வலி குறையும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஆற்று நடுப்பாறையில் போய் உட்காருவது உயிரோடு விளையாடுவது. சித்தூர்ப் புழைக்குத் தண்ணீர் ஆழியாற்றுப் பக்கத்திலிருந்து வருகிறது. இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேலே மழை பெய்தாலோ, மதகு திறந்தாலோ நிமிஷத்தில் மட்டம் ஏறும். 2024 ஜூலையில் அப்படித்தான் நான்கு பேர் நடு ஆற்றில் சிக்கிக்கொள்ள, தீயணைப்புப் படை வந்து மீட்டது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் பெட்டியையும் கம்பையும் விட்டுவிட்டுக் கரையேறுங்கள். அப்புறம், நீளக் கார்பன் தூண்டில் கம்பில் மின்சாரம் பாயும். மேலே கம்பி போகிற இடத்தில் வீசாதீர்கள்.

வாளையாறு, மீன்கரை, மலம்புழை போன்ற அணைகளில் மீன் இருக்கிறது என்பதற்காக நேரே போய் வீசிவிட முடியாது. அங்கே குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள், அதைப் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. முதலில் கேளுங்கள். பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குள் தூண்டிலோடு போகவே வேண்டாம்.

வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்ட மீனைக் குளத்தில் விடுவதும் தவறுதான். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் ராட்சத மீனான அராபைமா கூடச் சிக்கியது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் அதைத் திரும்பத் தண்ணீருக்குள் விடாதீர்கள்.

சிக்கிக்கொண்ட தூண்டில் நரம்பை அறுத்துக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. போன கோடையில் எங்கள் ஏரிக்கரைப் புதரில் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்தபடி தொங்கியது. காலில் நரம்பு மூன்று சுற்று இறுகியிருந்தது. கத்தரித்து எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதன் பிறகு என் பெட்டியில் ஒரு காலி டப்பா எப்போதும் இருக்கிறது. கரையில் கிடக்கிற நரம்பு யாருடையதாக இருந்தாலும் அதில் சுருட்டிப் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன்.