தாத்தாவோட மிலிட்டரி பெல்ட்டை புளி போட்டு தேய்க்காதீங்க

தர்மபுரி பக்கம் எங்க பாலக்கோடு வீட்டு பரண்ல ட்ரங்கு பெட்டிக்குள்ள ஒரு பழைய கித்தான் பெல்ட் கெடந்துச்சு, தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல இருந்தாருன்னு மட்டும்தான் தெரியும், எங்க அத்தை ஆயுத பூஜைக்கு சுத்தம் பண்றேன்னு சோப்புத்தூள்ல ஊறவெச்சு பித்தளை பக்கிளை புளி போட்டு தேச்சு பளபளன்னு ஆக்கிட்டாங்க, உள்பக்கம் மையில குத்தியிருந்த முத்திரை பாதி காணாமப் போச்சு. அந்த முத்திரைதாங்க விஷயமே, பெல்ட் எங்க, எப்போ செஞ்சதுன்னு அதுதான் சொல்லும். அதனால மொதல்ல கழுவாதீங்க, காஞ்ச துணியால தூசி தட்டிட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு முன்ன பின்ன போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. தோல் பெல்ட்டா இருந்தா தேங்கா எண்ணெயும் வேணாம்.

அடுத்து டேப் வெச்சு அகலம் பாருங்க. கித்தான், ரெண்டேகால் இன்ச், முதுகுப் பக்கம் சின்னதா ரெண்டு பித்தளை பக்கிள் இருந்தா அது 1937 பேட்டர்னா (பிரிட்டிஷ் ராணுவத்தோட 1937 மாடல்) இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, ரெண்டாம் போர் சிப்பாய்ங்க கட்டினது. 3 இன்ச் பட்டையா இருந்தா 1908 பேட்டர்ன், மொதல் போர் காலத்து டிசைன்.

முத்திரையில கோழிக்கால் மாதிரி ஒரு அம்புக்குறி இருக்கும், அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துன்னு அடையாளம். அம்பைச் சுத்தி ஆங்கில சி எழுத்துன்னா கனடா தயாரிப்பு, அம்போட ஆங்கில ஐ (I) எழுத்து இருந்தா நம்ம இந்தியாவுல செஞ்சது. பக்கத்துல வருஷம் இருந்தா அது பெல்ட் தயாரான வருஷம், தாத்தா சண்டைக்குப் போன வருஷம்னு நெனச்சுக்காதீங்க, இதுல நானே ஏமாந்தேன்.

பக்கிள்ல சின்னம் இருந்தா இன்னும் ஈஸி. ராஜா கிரீடம்னா குடியரசுக்கு முந்தினது, அசோகர் சிங்கம்னா 1950க்கு அப்புறம், அப்போ 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்னு யோசிங்க. கழுகும் ஸ்வஸ்திகாவும் போட்டு 'காட் மிட் உன்ஸ்'னு எழுதியிருந்தா ஜெர்மன் ராணுவத்தோடது, 'கடவுள் நம்மகூட'ன்னு அர்த்தம். நம்மாளுங்க வட ஆப்பிரிக்காவுல, இத்தாலியில ஜெர்மன்காரங்களோட மோதினவங்க, அதனால ஒருத்தர் எடுத்துட்டு வந்திருக்கலாம், ஆனா இதுல டூப்ளிகேட் எக்கச்சக்கம், பெட்டியில இருந்ததா கடையில வாங்கினதான்னு வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. எந்த பெல்ட்டா இருந்தாலும் பக்கிள் பித்தளை மாதிரி தெரிஞ்சா ஃப்ரிட்ஜ் காந்தத்தை வெச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல பித்தளை முலாம் மட்டும்தான்.

பெல்ட் யாரோடதுன்னு அதுவா சொல்லாது, டிஸ்சார்ஜ் பேப்பர் (ராணுவத்துல இருந்து விடுவிக்கும்போது குடுக்கற காகிதம்) கெடைச்சாதான் உறுதி. அதுல தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லான்னு தேடாதீங்க, 1965 வரைக்கும் நாம சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தனியா போனது 2004லதான், எங்க தாத்தா பேப்பர்லயும் சேலம்னுதான் இருந்துச்சு.