கோர்டு மாறும்போது சோலோவும் மாற வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டுக்குக் கித்தார் வாசிப்பவர்களுக்கு விரல் வேகம் பழக்கம்தான். ஜாஸ் ப்ளூஸில் தடுமாறுவது, ஒரு சுற்றின் 12 பாருக்கும் (பார் என்பது நான்கு தட்டு) ஒரே பென்டடோனிக்கை, அதாவது ஐந்து சுர ஸ்கேலை, ஓட்டுவதால். பின்னணியில் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) மாறியதே காதுக்குத் தெரியாது.

எஃப் ஸ்கேலில் தொடங்குங்கள். முதல் கோர்டான எஃப்7-க்கு இரண்டே சுரம்: 4-ஆம் தந்தி 7-ஆம் ஃப்ரெட்டில் ஏ, 3-ஆம் தந்தி 8-இல் ஈ ஃபிளாட். 2-ஆம் பாரில் பி ஃபிளாட்7 வந்ததும் இரண்டையும் ஒரு ஃப்ரெட் கீழே இறக்குங்கள். ஏ ஃபிளாட், டி. இந்த அரை சுர இறக்கம்தான் உயிர். ஒரு வாரம் இதை மட்டும் வாசித்தாலும் வீணில்லை.

பலர் வழுக்குவது 8-ஆம் பாரில், டி7-இல். அங்கே 2-ஆம் தந்தி 7-ஆம் ஃப்ரெட்டின் எஃப் ஷார்ப்பைப் பிடித்து, 9-ஆம் பார் ஜி மைனர்7-இன் முதல் தட்டில் 8-ஆம் ஃப்ரெட்டின் ஜி-யில் இறங்குங்கள். எஃப் பென்டடோனிக்கில் எஃப் ஷார்ப் கிடையாது. அதனால்தான் அந்த இடம் பொருந்தாமல் ஒலிக்கிறது.

கோர்டுகளை நிமிடத்துக்கு 80 தட்டில் கைப்பேசியில் பதிவு செய்து, அதன்மேல் வாசியுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். 12 பாரையும் பிசகாமல் நான்கு சுற்று முடித்த பிறகே, இந்தச் சுரங்களுக்கு இடையில் மற்றவற்றை நிரப்புங்கள்.