ஆட்டோ மீட்டரை வைத்துச் சார்பு எழுதுவதும் மதிப்புக் காண்பதும்

சார்புக் கணக்கில் மதிப்பெண் பறிபோகும் இடம் பெரும்பாலும் அடைப்புக்குறிதான். விதி தெரிந்திருக்கும், கூட்டல் கழித்தல் சரியாக வரும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அதனால் அடைப்புக்குறியை ஒழுங்காகக் கையாளப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

சார்பு என்பது ஒரு விதி. உள்ளே ஒரு மதிப்பைக் கொடுத்தால் வெளியே ஒன்றே ஒன்று வரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய்; அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய்; இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை 50 சதவீதம் கூடுதல். மீட்டர் போடுவார்களா என்பது வேறு பஞ்சாயத்து. நமக்கு விதி போதும்.

எழுதத் தொடங்கும் முன் எது எதைப் பொறுத்து மாறுகிறது என்று கேளுங்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஆகவே தூரம் உள்ளே போகிறது, கட்டணம் வெளியே வருகிறது. கட்டணத்துக்கு ‘க’, கிலோமீட்டரில் தூரத்துக்கு ‘தூ’ என்று வைத்தால் க(தூ) என்று எழுதலாம். பாடநூலில் ‘எஃப் ஆஃப் எக்ஸ்’ என்று வாசிப்பது இதைத்தான். இது க-வை தூ-வால் பெருக்குவது அல்ல. ‘தூ என்ற தூரத்துக்கான கட்டணம்’ என்று படிக்க வேண்டும். எழுத்து எதுவாக இருந்தாலும் அதன் அலகைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். கிலோமீட்டருக்குப் பதில் மீட்டர் அலகில் தூரத்தைப் போட்டு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குவது அப்போது நடக்காது.

அடுத்து விதி. நேராக எழுத்தில் எழுத வராவிட்டால் முதலில் எண்ணில் செய்து பாருங்கள். 3 கிலோமீட்டர் போனால்? 25 ரூபாய்க்குள் 1.8 அடங்கிவிட்டது, மீதி 3 − 1.8, அதைப் பன்னிரண்டால் பெருக்கி 25-உடன் கூட்டுகிறோம். இப்போது 3 இருக்கும் இடத்தில் தூ போட்டால் விதி தயார்:

க(தூ) = 25, தூ 0-க்கு மேல் 1.8 வரை
க(தூ) = 25 + 12(தூ − 1.8), தூ 1.8-ஐ விட அதிகம்

வலப்பக்கம் எழுதிய எல்லைகளை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். 1 கிலோமீட்டர் போனவருக்கு இரண்டாம் வரியைப் போட்டால் 25 + 12(−0.8), அதாவது 15 ரூபாய் 40 காசு வரும். குறைந்தபட்சக் கட்டணத்தையே குறைத்துவிட்டோம். எனவே எந்த மதிப்பு வந்தாலும் அது எந்த வரிக்குள் விழுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பாடநூல் சொல்லும் மதிப்பகம் உள்ளே போகக்கூடிய மதிப்புகளின் தொகுப்பு. இங்கே தூ 0-ஐ விடப் பெரியதாக இருக்க வேண்டும். வெளியே வருபவை வீச்சகம். இங்கே 25-ம் அதற்கு மேலும்.

இனி மதிப்புக் காண்பது. தூ-வை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு காலி அடைப்புக்குறியை வையுங்கள்: 25 + 12( ( ) − 1.8 ). அதற்குள் 5-ஐப் போடுங்கள்.

க(5) = 25 + 12((5) − 1.8) = 25 + 12 × 3.2 = 25 + 38.40 = 63.40

இந்தச் சின்னக் கணக்கிலேயே இரண்டு பள்ளங்கள் உண்டு. 25-ஐயும் 12-ஐயும் முதலில் கூட்டி 37 ஆக்கி 3.2-ஆல் பெருக்கினால் 118.40 வரும், பெருக்கல் முடிந்த பிறகே கூட்டல். இன்னொன்று, சுருக்கும்போது 12-ஐ தூ-வுடன் மட்டும் பெருக்கிவிட்டு 1.8-ஐ அப்படியே விடுவது. சரியான சுருக்கம் 25 + 12தூ − 21.6, அதாவது 12தூ + 3.4. சந்தேகம் வந்தால் எல்லையில் சோதியுங்கள்: தூ = 1.8 போட்டால் 21.6 + 3.4 = 25. முதல் வரியோடு பொருந்துகிறது. தப்பான சுருக்கத்தில் 44.80 வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இரவுக் கட்டணத்துக்கு 1.5 × க(5) என்று எழுதுவதா, க(1.5 × 5) என்று எழுதுவதா? முதலாவது, வெளியே வந்த கட்டணத்தை ஒன்றரை மடங்காக்குகிறது: 95.10. இரண்டாவது, உள்ளே போகும் தூரத்தை ஒன்றரை மடங்காக்குகிறது: க(7.5) = 93.40. விடைகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. கூடுவது தூரமா பணமா என்று கேட்டால் குழப்பம் தீரும்.

க(3 + 2)-ஐ க(3) + க(2) என்று பிரிப்பதும் இதே வகைத் தவறுதான். க(3) = 39.40, க(2) = 27.40, கூட்டினால் 66.80. க(5) வெறும் 63.40. நடுவில் இறங்கி வேறு ஆட்டோ பிடித்தால் குறைந்தபட்சக் கட்டணம் இன்னொரு முறை விழும் அல்லவா, அந்த 3.40 அதனால் வந்தது.

குறை எண் வந்தால் காலி அடைப்புக்குறியின் அருமை தெரியும். ப(ம) = ம² − 3ம + 2 என்று கொடுத்து ப(−4) கேட்டால்:

ப(−4) = (−4)² − 3(−4) + 2 = 16 + 12 + 2 = 30

அடைப்புக்குறி இல்லாமல் −4² என்று எழுதினால் வர்க்கம் 4-க்கு மட்டுமே, மதிப்பு −16. அறிவியல் கால்குலேட்டரில் அப்படியே தட்டினாலும் −16 தான் வரும். கருவி மேல் தப்பில்லை.

உள்ளே எண்ணுக்குப் பதிலாக அ + 1 போன்ற ஒரு கோவையே வந்தாலும் முறை மாறாது. ப(அ + 1) = (அ + 1)² − 3(அ + 1) + 2 = அ² + 2அ + 1 − 3அ − 3 + 2 = அ² − அ. இங்கே (அ + 1)²-ஐ அ² + 1 என்று எழுதி நடுவிலுள்ள 2அ-வைத் தொலைப்பவர்கள் ஏராளம். அ = 1 போட்டுப் பாருங்கள்: ப(2) = 4 − 6 + 2 = 0, அ² − அ-வும் 0.

சில கேள்விகள் தலைகீழாக வரும். கையில் 100 ரூபாய் இருந்தால் பகலில் எவ்வளவு தூரம் போகலாம்? க(100) என்று தொடங்கிவிடாதீர்கள். அது 100 கிலோமீட்டருக்கான கட்டணம். இங்கே வெளியே வந்ததுதான் 100. எனவே 12தூ + 3.4 = 100, 12தூ = 96.6, தூ = 8.05 கிலோமீட்டர். இது 1.8-ஐ விட அதிகம் என்பதால் இரண்டாம் வரியை எடுத்தது சரி. ஆனால் 25 ரூபாய் கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் அரைக் கிலோமீட்டர் போனாரா, 1.8 கிலோமீட்டர் போனாரா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. தூரத்திலிருந்து கட்டணத்துக்குப் போகும் விதி சார்பு. கட்டணத்திலிருந்து தூரத்துக்குத் திரும்பும் விதி, அந்த ஒரு 25-ஆல், சார்பு ஆகாது.